தீத்தடுப்புக் கோடும் மலையேற்றமும்

தீத்தடுப்புக் கோடு என்பது, காட்டுத்தீ ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குப் பரவாமல் தடுக்கும் பொருட்டு, புல், புதர், சருகு ஆகியவற்றை அகற்றி வெறுந்தரையாக வைக்கப்படும் நீண்ட நிலப்பட்டை ஆகும். வனத்துறை ஊழியர்களின் பேச்சில் இது 'பயர் லைன்' என்றே வழங்குகிறது. மலைக்காடுகளில் இக்கோடுகள் பெரும்பாலும் முகடுகளை ஒட்டிச் செல்கின்றன. ஆகவே, உச்சியை அடைய விரும்பும் மலையேறிகள் ஒற்றையடிப் பாதைகளோடு இவற்றையும் வழியாகக் கொள்வதுண்டு.

எனினும் தீத்தடுப்புக் கோடு நடப்பவருக்காக அமைக்கப்பட்டது அன்று. தீயை நிறுத்தப் போதுமான அகலம், அதன்மீது நிற்கும் மனிதரைக் காக்கப் போதுமான அகலம் ஆகாது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேறிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னர், காட்டுத்தீயின் இயல்பைப் பற்றிய அடிப்படை அறிவு மலையேறுவோருக்கு இன்றியமையாதது என்பது தமிழ்நாட்டில் பரவலாக உணரப்பட்டது. இக்கட்டுரை தீத்தடுப்புக் கோட்டின் அமைப்பு, மலையில் தீ பரவும் விதம், குரங்கணி நிகழ்வு, திருத்தணிப் பகுதி மலைகளின் நிலை, மலையேற்றத்திற்கான விதிகள் ஆகியவற்றை விளக்குகிறது.

அமைப்பும் வகைகளும்

எரிபொருள், வெப்பம், ஆக்சிசன் ஆகிய மூன்றும் ஒருங்கே இருந்தால் மட்டுமே தீ நிலைக்கும். காட்டில் காற்றையோ வெப்பத்தையோ கட்டுப்படுத்த இயலாது. மனிதரால் அகற்றக்கூடியது எரிபொருள் ஒன்றே. தீத்தடுப்புக் கோட்டின் அடிப்படை இதுவே ஆகும்.

தடுப்புகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

- இயற்கைத் தடுப்பு: ஓடை, ஆறு, பாறைப் பரப்பு, ஏரி போன்றவை.
- வெட்டப்பட்ட கோடு: புல்லையும் புதரையும் வெட்டி, சருகைக் கூட்டி அகற்றி உருவாக்கப்படுவது.
- எரிக்கப்பட்ட கோடு: கோடைக்கு முன்னரே, காலை வேளையில், ஆட்களின் கண்காணிப்பில் புல்லை எரித்துக் கருக்கி உருவாக்கப்படுவது.
- பசும்பட்டை: எளிதில் தீப்பற்றாத, ஈரப்பதம் மிக்க தாவரங்களை வளர்த்து உருவாக்கப்படுவது.
- சாலையும் வண்டித்தடமும்: போக்குவரத்துக்காக அமைக்கப்பட்டு, தடுப்பாகவும் பயன்படுபவை.

வெட்டப்பட்ட கோட்டின் அகலம் இடத்திற்கேற்ப மாறுபடும். சில மீட்டர் அகலமுள்ள கோடுகளே காடுகளின் உட்பகுதியில் மிகுதி. காட்டின் எல்லைகளிலும் நெடுஞ்சாலை ஓரங்களிலும் அகலம் கூடுதலாக இருக்கும். அருகிலுள்ள தாவரத்தின் உயரத்தைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு அகலம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. எடுத்துக்காட்டாக, இரண்டு மீட்டர் உயரப் புல் வளர்ந்துள்ள சரிவில் நான்கு முதல் ஆறு மீட்டர் அகலம் தேவைப்படும்.

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை திசம்பர் அளவில் ஓய்கிறது. மழையில் தழைத்த புல் சனவரியிலிருந்து காயத் தொடங்கும். எனவே பருவமழை ஓய்வதற்கும் கோடை முற்றுவதற்கும் இடைப்பட்ட வாரங்களில் வனத்துறையினர் கோடுகளைத் துப்புரவு செய்கின்றனர். ஓராண்டு கவனிக்காமல் விட்டாலும் கோட்டின்மீது புல் மீண்டும் வளர்ந்துவிடும். நிலப்படத்தில் கோடு இருப்பதாலேயே தரையிலும் அது பயன்தரும் நிலையில் இருக்கும் என்று கொள்ள முடியாது.

வரலாறு

இந்தியாவில் முறைப்படுத்தப்பட்ட தீத்தடுப்புப் பணி பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் தொடங்கியது. செருமானியரான டீட்ரிக் பிராண்டிசு 1864 ஆம் ஆண்டில் இந்தியக் காடுகளின் முதல் தலைமை ஆய்வாளராகப் பொறுப்பேற்றார். அந்தப் பத்தாண்டிலேயே நடு இந்தியாவின் போரிக் காட்டில் தீயை முற்றாக விலக்கிவைக்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. தேக்கு போன்ற மதிப்புள்ள மரங்களின் கன்றுகளைக் காப்பதே அதன் நோக்கம்.

அதற்கு முன்னரும் காட்டில் தீ இருந்தது. மேய்ச்சலுக்கும், காடுபடு பொருள் சேகரிப்புக்கும், பாதைகளைத் துலக்குவதற்கும் மலைவாழ் மக்கள் கோடையின் தொடக்கத்தில் சிறு தீ இடுவது வழக்கம். இத்தகைய சிறு தீ, சருகு பெருமளவில் சேராமல் பார்த்துக்கொண்டது என்றும், தீயை அடியோடு விலக்கியதால் உண்ணிச்செடி போன்ற அயல் புதர்கள் பெருகி, பின்னர் பற்றும் தீ கடுமையாகிறது என்றும் ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். வேறு சிலர், அடிக்கடி எரியும் காட்டில் மரக்கன்றுகள் தலையெடுப்பதில்லை எனச் சுட்டுகின்றனர். இவ்விவாதம் இன்றும் தொடர்கிறது.

முகடும் கோடும்

மலையில் தீத்தடுப்புக் கோடுகள் முகடுகளில் அமைவதற்குக் காரணம் உண்டு. சரிவில் மேலேறும் தீ முகட்டை அடைந்ததும் அதன் வேகம் குறைகிறது. மறுபுறச் சரிவில் அது கீழ்நோக்கி நகர வேண்டும். தீச்சுவாலையும் சூடான காற்றும் மேல்நோக்கியே செல்வதால், கீழ்நோக்கிய பரவல் மெதுவாக நிகழும். ஆகவே தீயைத் தடுக்க ஏற்ற இடம் முகடே ஆகும்.

மலையேறுபவருக்கு இதனால் ஒரு வசதி கிடைக்கிறது. முகட்டுக் கோடு நேராக உச்சியை நோக்கிச் செல்கிறது. மறைக்கும் மரங்கள் இல்லாததால் இருபுறமும் தொலைவு வரை பார்க்க முடிகிறது. வழி தவறும் வாய்ப்பும் குறைவு.

பாதைக்கும் கோட்டுக்கும் உள்ள வேறுபாடுகள் பின்வருமாறு.

- சரிவு: நடைப்பாதை ஏற்றத்தை எளிதாக்கும்படி வளைந்து வளைந்து செல்லும். கோடு வளைவதில்லை, செங்குத்தான இடத்திலும் நேராகவே ஏறும்.
- தரை: புல்வேர் அகற்றப்பட்டதால் மண் இளகி, சரளைக்கல் உருளும். இறங்கும்போது வழுக்குவது மிகுதி.
- நிழல்: கோட்டில் நிழல் இல்லை. தண்ணீர்த் தேவை கூடுகிறது.
- முடிவிடம்: பாதை ஓர் ஊரையோ நீர்நிலையையோ கோயிலையோ சென்றடையும். கோடு காட்டின் நடுவிலேயே, மற்றொரு கோட்டையோ பாறையையோ தொட்டு முடிந்துவிடலாம்.

நடைக்கு வேண்டிய நேரத்தைக் கணக்கிட, இசுக்காட்லாந்து மலையேறி வில்லியம் நைசுமித் 1892 ஆம் ஆண்டில் ஓர் எளிய விதியைத் தந்தார். அதன்படி, ஒவ்வொரு 5 கி.மீ. தொலைவுக்கும் ஒரு மணி நேரமும், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்திற்கும் கூடுதலாக ஒரு மணி நேரமும் தேவைப்படும். 6 கி.மீ. தொலைவும் 600 மீட்டர் ஏற்றமும் கொண்ட வழிக்கு ஏறத்தாழ 2 மணி 12 நிமிடம் ஆகும். ஓய்வு, வெயில், சுமை ஆகியவை இக்கணக்கில் சேரவில்லை.

மலையில் தீ பரவும் விதம்

சமதரையில் எரியும் தீயின் வெப்பம் பெரும்பகுதி வானை நோக்கிச் சென்றுவிடுகிறது. சரிவிலோ, சுவாலை மேற்புறமுள்ள புல்லின்மீது சாய்கிறது. கதிர்வீச்சும் சூடான காற்றும் அப்புல்லை முன்னதாகவே உலர்த்திப் பற்றும் நிலைக்குக் கொண்டுவருகின்றன. சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் தீயின் வேகம் இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பாளர்கள் பின்பற்றும் தோராய விதி. சமதரையில் மணிக்கு 1 கி.மீ. வேகத்தில் நகரும் புல்தீ, 10 பாகைச் சரிவில் 2 கி.மீ., 20 பாகைச் சரிவில் 4 கி.மீ., 30 பாகைச் சரிவில் 8 கி.மீ. என வேகம் கொள்ளும்.

இதனை நைசுமித் விதியுடன் ஒப்பிடலாம். 30 பாகைச் சரிவில் 600 மீட்டர் உயரம் ஏற, சரிவின் வழியே 1,200 மீட்டர் நடக்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரத்திற்கும் மேல் ஆகும். அதாவது மனிதரின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 1 கி.மீ. மட்டுமே. தீயின் வேகமோ அதைப்போல் எட்டு மடங்கு. கீழிருந்து தீ வரும்போது மேல்நோக்கி ஓடித் தப்புவது ஏன் கடினம் என்பது இதிலிருந்து விளங்கும்.

காற்றும் நேரமும் இதில் பங்கு கொள்கின்றன. பகலில் வெயிலால் சூடான காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசுகிறது. இரவில் குளிர்ந்த காற்று கீழ்நோக்கி இறங்குகிறது. காற்றின் ஈரப்பதம் பிற்பகலில் மிகக் குறைவாக இருக்கும். எனவே கோடைக் காலப் பிற்பகலில், சரிவு, காற்று, வறட்சி ஆகிய மூன்றும் தீக்குத் துணையாகின்றன. இரு குன்றுகளுக்கு இடைப்பட்ட குறுகிய பள்ளம் புகைபோக்கி போலச் செயல்பட்டுத் தீயை மேலே இழுக்கும்.

கோட்டின் அகலமும் மனிதரின் பாதுகாப்பும்

கோட்டின் விளிம்பை அடைந்த தீ, எரிபொருள் இன்றி நின்றுவிடலாம். ஆனால் அதன் கதிர்வீச்சு அங்கேயே நிற்பதில்லை. சுவாலையைத் தொடாமலே மனித உடல் கடுமையாகக் காயமடையும். காட்டுத்தீ அணைப்பாளர்களுக்கென அமெரிக்க ஆய்வாளர்கள் 1998 ஆம் ஆண்டில் ஒரு விதியை வெளியிட்டனர். அதன்படி, சமதரையில், மனிதருக்கும் தீக்கும் இடையே சுவாலையின் உயரத்தைப்போல் குறைந்தது நான்கு மடங்கு இடைவெளி வேண்டும். அதுவும் காப்பு உடை அணிந்தோருக்கான கணக்கு. சரிவிலும் பலத்த காற்றிலும் இதைவிடக் கூடுதல் இடைவெளி தேவை.

6 மீட்டர் அகலக் கோட்டின் நடுவில் ஒருவர் நிற்பதாகக் கொள்வோம். விளிம்பிலிருந்து அவர் 3 மீட்டர் தொலைவில் இருக்கிறார். சுவாலையின் உயரம் 2 மீட்டர் எனில் அவருக்கு வேண்டிய இடைவெளி 8 மீட்டர். இருபுறமும் எரிந்தால் 16 மீட்டர் அகலமுள்ள வெற்றிடம் தேவை. ஆகவே அந்தக் கோடு தீயைத் தடுக்கும்; அவரைக் காக்காது. ஒற்றையடிப் பாதையின் அகலம் இதைவிட மிகக் குறைவு.

அவ்வாறாயின் மலையேறுபவருக்குக் கோட்டினால் பயன் என்ன என்ற கேள்வி எழலாம். கோடு தங்கும் இடம் அன்று; விரைந்து வெளியேறும் வழி ஆகும். தீ தொலைவில் உள்ளபோதே, புதர் மண்டிய பாதையை விட்டுக் கோட்டின் வழியாக அகன்ற பாறைப் பரப்பு, உழுத வயல், தேயிலைத் தோட்டத்தின் சாலை, நீர்நிலை, அல்லது முன்னரே எரிந்து ஆறிய நிலம் ஆகியவற்றில் ஒன்றை அடைய அது உதவும்.

குரங்கணி நிகழ்வு

குரங்கணி, தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள சிற்றூர். இங்கிருந்து டாப் ஸ்டேசன், கொழுக்குமலை ஆகிய இடங்களுக்கு மலைப்பாதைகள் செல்கின்றன. இவ்வழிகள் வணிகத் தேவையிலிருந்து பிறந்தவை. மூணாற்றுத் தேயிலை ஒருகாலத்தில் குண்டலைப் பள்ளத்தாக்குத் தொடர்வண்டி வழியாக டாப் ஸ்டேசனை அடைந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தமிழ்நாட்டுப் பக்கம் இறக்கப்பட்டது. 1924 ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அத்தொடர்வண்டிப் பாதை அழிந்தது. கொழுக்குமலையில் 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் தேயிலைத் தோட்டம் உள்ளது.

2018 மார்ச் மாதம் சென்னையிலிருந்து ஒரு குழுவும், ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்து மற்றொரு குழுவும் இங்கு மலையேறச் சென்றன. சென்னைக் குழுவில் பெண்களே மிகுதியாக இருந்தனர். மார்ச் 10 அன்று கொழுக்குமலைக்கு ஏறிய அவர்கள், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இறங்கிக்கொண்டிருந்தபோது, பிற்பகலில் காட்டுத்தீயில் சிக்கினர். சரிவுகளில் காய்ந்த உயரமான புல் நிறைந்திருந்தது. தீ வேகமாக மேலேறியதால் பலர் சிதறி ஓடினர். சிலர் பள்ளத்தில் விழுந்தனர்.

ஊர் மக்களும் தோட்டத் தொழிலாளரும் முதலில் மீட்பில் இறங்கினர். வனத்துறை, காவல்துறை, தீயணைப்புத் துறை, வருவாய்த்துறை ஆகியவற்றின் பணியாளர்களும் இந்திய வான்படையின் உலங்குவானூர்திகளும் மீட்பில் ஈடுபட்டன. இருட்டும் செங்குத்தான நிலமும் பணியை மிகவும் தாமதப்படுத்தின. காயமடைந்தோர் துணிகளைத் தொட்டில்போலக் கட்டித் தூக்கிவரப்பட்டனர். ஒன்பது பேர் மலையிலேயே உயிரிழந்தனர். கடுந்தீக்காயமுற்ற பலர் அடுத்த நாட்களிலும் வாரங்களிலும் மருத்துவமனைகளில் உயிரிழந்தனர். தமிழ்நாடு அரசு, இந்திய ஆட்சிப்பணி அதிகாரி அதுல்ய மிசுராவை விசாரணை அதிகாரியாக அமர்த்தியது.

இந்நிகழ்வில் முன்னர் கூறிய கூறுகள் ஒன்றுசேர்ந்தன. காலம் மார்ச், நேரம் பிற்பகல், நிலம் செங்குத்தான புற்சரிவு, தீ வந்த திசை கீழ்ப்புறம். இவற்றுள் காலத்தையும் நேரத்தையும் மட்டுமே மனிதர் தேர்ந்தெடுக்க முடியும். பின்னர் வந்த விதிகள் இவற்றில் கவனம் செலுத்தியது குறிப்பிடத்தக்கது.

பிற நாடுகளில் நிகழ்ந்தவை

அமெரிக்காவின் மொன்ட்டானா மாநிலத்தில் மேன் கல்ச் என்னும் பள்ளத்தாக்கில் 1949 ஆகத்து 5 அன்று ஏற்பட்ட தீயில், பயிற்சி பெற்ற தீயணைப்பாளர் 16 பேர் சிக்கினர். புல் நிறைந்த செங்குத்தான சரிவில் முகட்டை நோக்கி ஓடிய அவர்களுள் 13 பேர் உயிரிழந்தனர். குழுத்தலைவர் வாக்னர் டாட்சு, ஓடுவதை நிறுத்தி, தம்முன் இருந்த புல்லுக்குத் தீயிட்டு, எரிந்த சாம்பலில் குப்புறப் படுத்து உயிர் பிழைத்தார். மற்றவர்களையும் அவர் அழைத்தார். அச்செயலின் பொருள் அவர்களுக்கு விளங்கவில்லை. வேறு இருவர் பாறை இடுக்கின் வழியாக முகட்டைக் கடந்து பிழைத்தனர். எரிந்த நிலம் மீண்டும் எரியாது என்ற கருத்து இதன்பின் தீயணைப்புப் பயிற்சியில் இடம்பெற்றது. எதிர்த்தீ இடுவது பயிற்சி பெற்றோரின் செயல். மலையேறிகள் முயலத்தக்கது அன்று.

ஆங்காங்கின் பாட் சின் லெங் மலையில் 1996 பெப்ரவரி 10 அன்று, பள்ளிக் குழு ஒன்று நடைப்பயணத்தின்போது தீயில் சிக்கியது. மூன்று மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் உயிரிழந்தனர். அவர்களின் நினைவாக அம்மலையில் ஒரு மண்டபம் உள்ளது.

திருத்தணிப் பகுதி மலைகள்

திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னை – திருப்பதி சாலையில் அமைந்துள்ள திருத்தணி, முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்று. தணிகை மலையின்மீதுள்ள கோயிலுக்கு 365 படிகள் உள்ளன. இவை ஆண்டின் நாட்களைக் குறிப்பதாகக் கூறுவர். ஒவ்வோர் ஆண்டும் திசம்பர் 31 அன்று படித் திருவிழா நடைபெறுகிறது. வாகனம் செல்லும் சாலையும் மலைமேல் வரை உண்டு.

இவ்வூர் முன்னர் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தைத் தொடர்ந்து, எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. ஊருக்கு வடக்கே ஆந்திரப் பிரதேசத்தில் நகரி மலைகள் உள்ளன. இவற்றின் உயர்ந்த முனை மூக்குப் போன்று தோன்றுவதால் ஆங்கிலேயர் அதனை 'நகரி மூக்கு' என்று அழைத்தனர். கடலில் வரும் மாலுமிகளுக்கு அது அடையாளமாக விளங்கியது. அதற்கும் அப்பால் உள்ள நாகலாபுரம் மலை, சென்னை மலையேறிகளிடையே பெயர்பெற்றது.

மலையேற்றத்தின் நோக்கில் இப்பகுதியில் இருவகை ஏற்றங்களைக் காணலாம். தணிகை மலைப் படிவழி கல்லால் ஆனது, அகலமானது, ஊரின் நடுவில் உள்ளது, எந்த இடத்திலிருந்தும் சில நிமிடங்களில் இறங்கிவிடலாம். நகரி, நாகலாபுரம் மலைகளின் வழிகளோ வறண்ட இலையுதிர் காட்டிலும் முட்புதரிலும் செல்பவை. இரண்டும் ஒரு மணி நேரப் பயணத் தொலைவுக்குள் இருந்தாலும், ஒன்றில் பெற்ற பழக்கம் மற்றொன்றுக்குப் போதாது.

இம்மலைகளின் பாறை, கடப்பைப் பாறைத்தொகுதியைச் சேர்ந்த நகரிக் குவார்ட்சைட்டு ஆகும். கடினமான இப்பாறை செங்குத்தான விளிம்புகளையும் அகன்ற வெறும் பாறைப் பரப்புகளையும் உருவாக்கியுள்ளது. தீக்காலத்தில் அகன்ற பாறைப் பரப்பு நல்ல இயற்கைத் தடுப்பு. ஆனால் பாறை விளிம்பு, ஓடுபவரைத் தடுத்து நிறுத்தும் பொறியாகவும் ஆகலாம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய செம்மரம் இம்மலைத் தொடர்களில் வளர்கிறது. செம்மரக் கடத்தலின் காரணமாக ஆந்திர வனத்துறையின் கண்காணிப்பு கடுமையாக உள்ளது. எல்லையைக் கடந்து காட்டில் நுழைவோர் அம்மாநிலத்தின் அனுமதியைப் பெற்றிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பெற்ற அனுமதி அங்குச் செல்லாது.

தமிழ்நாட்டுப் பகுதியில், இதே மாவட்டத்தில் பூண்டிக்கு அருகே குடியம் குகைகள் உள்ளன. அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863 ஆம் ஆண்டில் இராபர்ட் புரூசு பூட் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டறிந்தார். குடியம் குகைகளுக்குச் செல்லும் வழி, வனத்துறை அங்கீகரித்த மலையேற்றத் தடங்களுள் ஒன்றாகும்.

கோயில் மலைகளும் தீக்காலமும்

தமிழ்நாட்டில் மலையேறுவோருள் பெரும்பாலோர் வழிபாட்டுக்காக ஏறுபவர்கள். கோவை வெள்ளியங்கிரி மலையில் பக்தர்கள் மிகுதியாக ஏறும் காலம் பெப்ரவரி முதல் மே வரை, அதாவது தீக்காலமே. சதுரகிரி மலையில் முன்னர் அமாவாசை, பௌர்ணமி, பிரதோச நாட்களை ஒட்டி மக்கள் அனுமதிக்கப்பட்டனர். காட்டுத்தீ ஏற்படும்போது அங்கு மலையேறத் தடை விதிக்கப்பட்டதுண்டு. இத்தகைய இடங்களில், பாதையோரச் சருகின்மீது கற்பூரம் ஏற்றுதல், அடுப்பு மூட்டுதல், புகைபிடித்தல் ஆகியவை தீக்குக் காரணமாகலாம். இந்தியாவில் காட்டுத்தீ பெரும்பாலும் மனிதர் செயலாலேயே ஏற்படுகிறது.

சட்டமும் விதிகளும்

1882 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படி, காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதும் தீ மூட்டுவதும் குற்றம். வனவிலங்குப் புகலிடங்களில் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இவற்றைத் தடை செய்கிறது.

குரங்கணி நிகழ்வுக்குப் பின், தமிழ்நாடு அரசு 2018 ஆம் ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் தனி விதிகளை வெளியிட்டது. மலையேற்றத் தடங்கள் எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை எனப் பிரிக்கப்பட்டன. முன் அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயமாயின. 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' என்னும் திட்டம் 40 தடங்களுடன் தொடங்கப்பட்டது. அனுமதி இணையவழியில் வழங்கப்படுகிறது. அந்தந்த மலைப்பகுதியைச் சேர்ந்த பயிற்சி பெற்ற இளைஞர்கள் வழிகாட்டிகளாக உடன் செல்கின்றனர். தீக்காலத்தில் மலையேற்றம் நிறுத்திவைக்கப்படுகிறது.

தீயைக் கண்டறிவதில் செயற்கைக்கோள்கள் உதவுகின்றன. இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் மோடிசு உணரியின் தரவையும், பின்னர் 375 மீட்டர் நுணுக்கமுள்ள வீர்சு உணரியின் தரவையும் கொண்டு, தீப்புள்ளிகளை மாநில வனத்துறைகளுக்கு அறிவிக்கிறது. எனினும் செயற்கைக்கோள் ஒவ்வோர் இடத்தையும் நாளின் சில வேளைகளில் மட்டுமே கடக்கிறது. இடைப்பட்ட நேரத்தில் பற்றிப் பரவும் தீயைக் காண்பது தரையில் உள்ள தீக்காவலர்களின் கண்களே.

மலையேறுவோர் கவனிக்க வேண்டியவை

அமெரிக்கத் தீயணைப்பாளர் பால் கிளீசன் 1991 ஆம் ஆண்டில் நான்கு தேவைகளை வகுத்தார். அவை காவற்பார்வை, தகவல் தொடர்பு, வெளியேறும் வழி, பாதுகாப்பிடம் என்பன. தீயணைப்புக்கென வகுக்கப்பட்ட இவை மலைநடைக்கும் பொருந்தும்.

- அனுமதி பெற்ற தடத்தில், வழிகாட்டியுடன் மட்டும் செல்லுதல். குழுவினரின் பெயர்ப் பட்டியலை அடிவாரத்தில் விட்டுச் செல்லுதல்.
- தீக்காலத்தில் புற்சரிவு வழிகளை முற்றாகத் தவிர்த்தல். பிற காலங்களிலும் விடியலில் புறப்பட்டு நண்பகலுக்குள் திரும்புதல்.
- நடக்கும்போதே அடுத்த வெறும்பாறை, ஓடை, வயல், சாலை எங்குள்ளது, அங்குச் செல்ல எத்தனை நிமிடம் ஆகும் என்பதை அறிந்துகொள்ளுதல்.
- நகர்பேசி அலை கிடைக்கும் இடங்களைக் குறித்துவைத்தல். அவசர உதவிக்கு 112, தீயணைப்புக்கு 101.
- நைலான், பாலியெசுட்டர் உடைகள் உருகித் தோலில் ஒட்டும்; ஆகவே தடித்த பருத்தி உடையும் தோல் காலணியும் அணிதல்.
- புகையைக் கண்டால் அதன் மூலம் கீழ்ப்புறமா மேற்புறமா என்பதை உறுதிசெய்து, தீ தொலைவில் உள்ளபோதே திரும்புதல். படம் எடுக்க நிற்காதிருத்தல்.
- கீழ்ப்புறத் தீக்கு நேர் மேலே ஓடாமல், பக்கவாட்டில் விலகி, புல்லற்ற நிலத்தையோ எரிந்து ஆறிய நிலத்தையோ அடைதல். குறுகிய பள்ளங்களில் இறங்காதிருத்தல்.
- குழுவாக இருத்தல்; வழியறிந்தவர் சொல்லைக் கேட்டல்.

இவற்றுள் பெரும்பாலானவை புறப்படுவதற்கு முன் செய்யப்பட வேண்டியவை. தீயைக் கண்ட பின்னர் மலையேறுபவருக்கு எஞ்சியிருக்கும் நேரம் சில நிமிடங்களே. அந்நேரத்தில் புதிதாக வழி தேடுவது இயலாது. முன்னரே அறிந்துவைத்த வழியில் செல்வது இயலும்.